மே மாதக் கடைசியில் சுவிஸ் ஆல்ப்ஸ்: அப்பா அம்மாவோடு வாடகைக் கார் சரிப்படுமா?

காந்திபுரம்காரன் | மார்ச் 9, இரவு 10.40

வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. மே 17 சூரிச்சில் இறங்குகிறோம், 28 காலை திரும்புகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது. நான், மனைவி, ஏழு வயது மகள், அப்பா (68), அம்மா (63). அம்மாவுக்கு முட்டி வலி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ரயில் மாறுவதெல்லாம் ஆகாது. அதனால் முழுப் பயணத்துக்கும் ஒரு வாடகைக் கார் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

திட்டம் இதுதான். இன்டர்லாக்கனில் தங்கி, கிரிம்சல், ஃபுர்கா, சுஸ்டன் மூன்று கணவாயையும் ஒரே நாளில் ஒரு சுற்று. ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான் வருகிறது. மறுநாள் காரிலேயே லாட்டர்புருன்னன், வெங்கன். அப்புறம் செர்மாட்டில் இரண்டு நாள்.

மலையில் ஓட்டுவதில் பயமில்லை. வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவும் மாதம் ஒருமுறை ஏறி இறங்குகிறவன் நான். ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் பர்மிட்டும் வாங்கிவிட்டேன். எந்த அளவு வண்டி எடுப்பது, இன்சூரன்ஸ் எவ்வளவு போடுவது, இடது பக்க ஸ்டீயரிங் எத்தனை நாளில் பழகும், இதையெல்லாம் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ரயில்பூச்சி | மார்ச் 9, இரவு 11.25

காரை ரத்து செய்யுங்கள். சுருக்கமாக அவ்வளவுதான், ஆனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வெங்கனுக்குக் காரில் போகவே முடியாது. மியூரனும் அப்படித்தான். லாட்டர்புருன்னனில் வண்டியை விட்டுவிட்டு ரயிலிலோ கேபிள் காரிலோதான் ஏற வேண்டும். செர்மாட்டிலும் வெளியூர்க் காருக்கு அனுமதி கிடையாது. டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயில். ஆக உங்கள் திட்டத்தில் பாதி நாள் உங்கள் வண்டி பார்க்கிங்கில் நின்றுகொண்டு உங்களிடமே வாடகை வாங்கப் போகிறது.

அம்மாவின் முட்டி வலிக்குத்தான் ரயில் நல்லது. பெரிய ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருக்கிறது, சாய்தளம் இருக்கிறது, புது ரயில்களில் நடைமேடை மட்டத்திலேயே கதவு. மகளுக்கு ஃபேமிலி கார்டு வாங்கினால் பெற்றோரோடு வரும்போது டிக்கெட்டே வேண்டாம். அந்த நாட்டில் கார் எடுப்பது, கல்யாண வீட்டுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போகிற மாதிரி.

---

பேர்ண் பெடியன் | மார்ச் 10, அதிகாலை 2.10

காரா ரயிலா என்ற சண்டையைப் பிறகு பிடிக்கலாம். தம்பி, நீங்கள் சொன்ன மூன்று பாஸும் (கணவாயும்) மே 17இல் பூட்டு.

நான் இங்கே வந்து 27 வருடம். (பெயரில்தான் பெடியன், முடியெல்லாம் வெள்ளை.) கிரிம்சல் 2,164 மீட்டர், ஃபுர்கா 2,429, சுஸ்டன் 2,224. பனி அள்ளும் இயந்திரங்கள் ஏப்ரல் கடைசி, மே மாதம் எல்லாம் கீழிருந்து வெட்டிக்கொண்டு மேலே போகும். மூன்றும் சேர்ந்து திறப்பதற்கு அநேகமாக யூன் ஆகிவிடும். சுஸ்டன் யூன் நடுவில் திறந்த வருடங்களும் உண்டு. ஒக்டோபர், நவம்பரில் திரும்பப் பூட்டு.

கூகுள் வரைபடம் காட்டுகிற 120 கிலோமீட்டர் ஓகஸ்டில் சரி. மே மாதத்தில் அந்த வழியைப் போட்டால் அது சுத்திக்கொண்டு வேறு எங்கேயோ கூட்டிக்கொண்டு போகும். மலை அடிவாரத்தில் ஒரு பெரிய பலகை இருக்கும், பாஸின் பெயரும் பக்கத்தில் பச்சையோ சிவப்போ. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே நாங்களே ஏறுவோம்.

---

காந்திபுரம்காரன் | மார்ச் 10, காலை 7.05

அண்ணா, தலையில் இடி. பனி இருக்கும் என்று தெரியும், பாதையையே மூடுவார்கள் என்று யோசிக்கவில்லை. யூடியூபில் பார்த்ததெல்லாம் ஜூலை வீடியோ போலிருக்கிறது. தேதியை மாற்ற வழியில்லை. மகளுக்கு லீவு ஏப்ரல், மே மட்டும்தான், ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்துவிடும்.

அப்படியென்றால் கார் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

---

மியூனிக் மிளகாய் | மார்ச் 10, பிற்பகல் 1.30

சுவிஸ்தான் ஆல்ப்ஸ் என்று யார் சொன்னது? ஆஸ்திரியா பக்கம் வாருங்கள். கிராஸ்குளோக்னர் உயர்மலைச் சாலை வழக்கமாக மே ஆரம்பத்திலேயே திறந்துவிடும். 1935 ஆகஸ்ட் 3ஆம் தேதி திறந்த சாலை, 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி, உச்சியில் ஹோக்டோர் 2,504 மீட்டர். மே மாதம் போனால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பனிச்சுவர், நடுவே கறுப்பாகத் தார்ச்சாலை. ஃபிரான்ஸ் யோசெஃப் மேட்டில் நின்றால் எதிரே 3,798 மீட்டர் கிராஸ்குளோக்னர், கீழே பாஸ்டெர்சே பனியாறு. பனியாறு வருடா வருடம் பின்வாங்கிக்கொண்டே போகிறது, பார்க்க வேண்டும் என்றால் சீக்கிரம் பார்த்துவிடுவது நல்லது.

காசு வாங்குவார்கள், ஒரு நாளைக்கு ஒரு காருக்கு 40 யூரோவுக்கு மேல். இரவில் சாலை மூடியிருக்கும். ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்குத் தனியாக விக்னெட் (சுங்கக் கட்டண வில்லை) வாங்க வேண்டும், எல்லையிலுள்ள பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும்.

---

பேர்ண் பெடியன் | மார்ச் 10, இரவு 11.50

மிளகாய் சொல்கிற சாலை வடிவான சாலைதான், நானும் போயிருக்கிறேன். ஆனால் சூரிச்சில் இறங்கினவர் அங்கே போக ஒரு முழுப் பகல், வர ஒரு முழுப் பகல். பின்சீற்றில் முட்டி வலியோடு அம்மா. எனக்கு மனம் ஒப்பவில்லை.

தம்பி, கார் ஆசையை விட வேண்டாம், மாநிலத்தை மாற்றுங்கோ. கிராபுண்டன் போங்கோ. அங்கே வருடம் முழுக்கத் திறந்திருக்கிற உயரமான பாஸ்கள் இருக்கு. உங்களுக்கு மூன்று: யூலியர் 2,284 மீட்டர், மலோயா 1,815, பெர்னினா 2,328. பனி கடுமையாகக் கொட்டினால் சில மணி நேரம் மூடுவார்கள், மற்றபடி பஸ்ஸும் லொறியும் பனிக்காலத்திலேயே போய்வருகிற பாதை. நீங்கள் கேட்ட ஃபுர்காவின் உயரத்துக்கு பெர்னினா 100 மீட்டர்தான் குறைவு, அதுவும் மே மாதத்தில்.

வழி சொல்கிறேன். சூரிச்சிலிருந்து வாலென்ஸே ஏரி ஓரமாக கூர் நகரம் வரை நெடுஞ்சாலை, 120 கிலோமீட்டர் அளவு. கூரில் சாப்பிட்டுவிட்டு லென்சர்ஹைடே, டீஃபென்காஸ்டல், பீவியோ வழியாக யூலியர் ஏறுங்கோ. பீவியோவுக்கு முன்னால் மார்மொரேரா என்று ஒரு ஏரி வரும். அது அணை நீர். 1954இல் தண்ணீர் விட்டபோது பழைய ஊர் அப்படியே அடியில் போய்விட்டது. மின்சாரம் சூரிச் நகரத்துக்கு. யூலியர் உச்சியில் சாலையின் இரு பக்கமும் இரண்டு கல்தூண் துண்டு நிற்கும், ரோமர் காலத்தது. பெரிய காட்சி ஒன்றுமில்லை, ஆனால் 2,000 வருடமாக ஆட்கள் இதே பள்ளத்தால்தான் கடந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும்.

பிறகு எங்கடீன் பள்ளத்தாக்கு. பொன்ட்ரேசினா, சமேடன் பக்கம் சமையலறையோடு ஒரு வீடு எடுத்து நான்கு இரவு நில்லுங்கோ. ஒரு நாள் மலோயா இறங்கி சோலியோ. ஒரு நாள் பெர்னினா தாண்டி போஸ்கியாவோ. திரும்பும்போது குவார்டா கிராமம் பார்த்துவிட்டு ஃபெராய்னா குகையால் (ரயில் சுரங்கப்பாதை) வாங்கோ. ஃபெராய்னாவில் காரோடு ரயிலில் ஏற்றுவார்கள். 19 கிலோமீட்டர், 18 நிமிடம், நீங்கள் காருக்குள்ளேயே இருக்கலாம். பிள்ளைக்கு மறக்காது. காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்ச நாளுக்கு ரயிலில் லாட்டர்புருன்னன் போங்கோ. ரயில்பூச்சியும் சந்தோஷப்படும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மே மாதம் அங்கே இடைக்காலம். பனிச்சறுக்குக்காரர் போய்விட்டார்கள், கோடைக்காரர் வரவில்லை. ஹோட்டல், கேபிள் கார், உணவகம் பலது பூட்டியிருக்கும். வீடு எடுக்கும்போது சுற்றி என்ன திறந்திருக்கும் என்று கேட்டுவிட்டு எடுங்கோ.

---

ரயில்பூச்சி | மார்ச் 11, காலை 8.15

சந்தோஷமெல்லாம் படவில்லை. பெர்னினாவில் கார் ஓட்டச் சொல்கிறீர்களே, அங்கே ஓடுகிற ரயில் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ரயில் ஐயா. பல்சக்கரம் இல்லாமல் 7 சதவீதச் சரிவில் ஏறி 2,253 மீட்டர் ஸ்டேஷனைத் தொடுகிறது. அதைப் பக்கத்துச் சாலையிலிருந்து கார்க் கண்ணாடி வழியே பார்ப்பதா?

---

நீலமலைத்தேனீ | மார்ச் 11, காலை 9.40

ரயிலுக்குள் உட்கார்ந்தால் ரயில் தெரியாது. அதற்குத்தான் கார். :)

சரி, சண்டையை ஆண்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பணம் போகிற இடத்தைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு நாங்கள் அத்தை மாமாவோடு போனோம். வளைவில் ஒன்றும் ஆகவில்லை. ஆனது ஒரு நிலத்தடி பார்க்கிங்கில். உள்ளே இறங்கும் பாதை திருகுசுருள் மாதிரி, இரண்டு பக்கமும் கான்கிரீட் விளிம்பு. முன்பக்க வலது சக்கரம் "கிர்ர்ர்" என்றது. பார்த்தால் அலாய் ரிம்மில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல். நாங்கள் போட்டிருந்த இன்சூரன்ஸில் டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இந்த நான்கும் சேராது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கீறலுக்கு எடுத்த பணத்தில் ஊட்டியில் நான்கு நாள் தங்கியிருக்கலாம். அதனால் என்ன சேரும் என்று கேட்காதீர்கள், என்ன சேராது என்று கேளுங்கள். வண்டியை வாங்கியதும் நான்கு ரிம்மையும் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி.

அடுத்தது கார்டு. ஓட்டுகிறவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் டெபாசிட்டைப் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். நம் ஊர் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். வங்கிச் செயலியில் அதை இயக்கி, வரம்பையும் உயர்த்திவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் கார்டு கவுண்டரில் இரண்டு முறை மறுத்தது. பின்னால் வரிசை. மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது, வீட்டுக்கு வரும் அபராதக் கடிதம். ஊருக்குள் 50தான் வேகம், வெளியே 80, நெடுஞ்சாலையில் 120. ஓர் ஊருக்குள் எங்கள் வீட்டுக்காரர் 57இல் போயிருக்கிறார், அதுவும் அளவீட்டுச் சலுகை கழித்த பிறகு. அபராதம் 120 பிராங்க். ஊருக்குள் 5 கிலோமீட்டர் வரை தாண்டினால் 40, 6 முதல் 10 வரை 120, 11 முதல் 15 வரை 250. அதற்கு மேலே போனால் அது அபராதம் இல்லை, வழக்கு. அதோடு வாடகை நிறுவனம் நம் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு கட்டணம் எடுத்துக்கொண்டது. கடிதம் வந்தது மூன்று மாதம் கழித்து, நாங்கள் ஊரெல்லாம் சாக்லேட் கொடுத்து முடித்து, பயணத்தையே மறந்த பிறகு.

---

மியூனிக் மிளகாய் | மார்ச் 11, பகல் 12.20

கேமரா இருக்கும் இடத்தைச் சொல்கிற செயலி எதையும் போட்டுக்கொண்டு சுவிஸ் போகாதீர்கள். அங்கே அது சட்டப்படி குற்றம். ஜெர்மனியில் ஓட்டிப் பழகிய நண்பர்கள் இதில் மாட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, சுவிஸில் பச்சைப் பலகைதான் நெடுஞ்சாலை, நீலம் சாதாரண முக்கியச் சாலை. எங்கள் ஊரில் வேறு மாதிரி, நெடுஞ்சாலை நீலம்.

---

ஊர்சுற்றி | மார்ச் 11, மாலை 6.00

வால்பாறைக்காரரே, வாழ்த்துகள். ஆனால் அந்த 40 வளைவை நீங்கள் எந்த வண்டியில் ஓட்டினீர்கள்? மேனுவல் கியர் என்று நினைக்கிறேன். இரண்டாவது கியரில் இறங்குவது உங்களுக்குக் கையே செய்துவிடும் வேலை, யோசிக்க வேண்டியதில்லை. அங்கே ஆட்டோமேட்டிக் எடுப்பீர்கள், எடுக்கவும் வேண்டும், ஏனென்றால் வலது கையால் கியர் போட்டுப் பழகுவது வேறு தலைவலி. ஆனால் ஆட்டோமேட்டிக் வண்டி "டி"யிலேயே (டிரைவ்) கிடந்தால் இறக்கத்தில் என்ஜின் அதிகம் பிடிக்காது, முழு பாரமும் பிரேக்கில் விழும். அரை மணி நேர இறக்கத்தில் பிரேக் சுட்டுவிடும். குச்சியை மேனுவல் பக்கம் தள்ளி 2 அல்லது 3இல் வைத்து இறங்குங்கள். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய லாரி டிரைவர்கள் கணக்கு.

எதிரும் புதிருமாகச் சிக்கினால் ஏறுகிறவருக்கு முன்னுரிமை. இறங்குகிறவர் முதலில் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ஏறுகிறவருக்கு மிகப் பக்கத்தில் ஒதுங்கும் இடம் இருந்தால் மட்டும்தான் அவர் பின்னால் போவார்.

ரவுண்டானாவில் எதிர்ச்சுற்று, உள்ளே சுற்றுகிறவருக்கு வழி விட வேண்டும், அவர் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார். முதல் நாள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து "வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே வரட்டும். வழக்கமாகச் சொல்வதுதானே.

---

பேர்ண் பெடியன் | மார்ச் 11, இரவு 10.30

ஊர்சுற்றி ஐயா சொன்னதோடு ஒன்று. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகுழல் படம் கண்டால் அது மலை அஞ்சல் சாலை. அங்கே மஞ்சள் போஸ்ட் பஸ்தான் ராசா. டிரைவர் நில் என்றால் நிற்க வேண்டும், பின்னால் போ என்றால் போக வேண்டும், சட்டமே அப்படி. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று சுரத்தில் ஹோர்ன் கேட்கும். ரொசினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்தது. கேட்டவுடன் ரசிக்க வேண்டாம், ஒதுங்குங்கோ.

பிள்ளைக்கு பூஸ்டர் சீற் கட்டாயம். 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. சூரிச்சில் எடுக்கிற வண்டியில் சுவிஸ் விக்னெட் இருக்கும், அந்த 40 பிராங்க் உங்களுக்கு மிச்சம்.

---

காந்திபுரம்காரன் | மார்ச் 13, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. முடிவெடுத்துவிட்டோம். முதல் ஐந்து நாள் கிராபுண்டனில் கார், சமேடனில் வீடு. மே 22 சூரிச்சில் காரைக் கொடுத்துவிட்டு ரயில். ஸ்டேஷன் வேகன், ஆட்டோமேட்டிக். ரிம்மும் டயரும் சேர்ந்த இன்சூரன்ஸ். செர்மாட் இந்த முறை இல்லை. அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அங்க ஹாரன் அடிக்கலாமா?"

போய்வந்து எழுதுகிறேன்.

---

காந்திபுரம்காரன் | ஜூன் 7, மாலை 5.20

சொன்னபடி வந்துவிட்டேன். பெரிய பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் நாங்கள் கேட்ட ஸ்டேஷன் வேகன் இல்லை என்று அதைவிட அகலமான, உயரமான ஒரு வண்டியைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். இலவச மேம்படுத்தலாம். அப்பாவுக்குப் பெருமை. எனக்கு அன்றிலிருந்து ஐந்து நாளும் அந்த அகலம்தான் கவலை. நீங்கள் போகும்போது சின்ன வண்டி கேட்டால் சின்ன வண்டியையே வாங்குங்கள், "பரவாயில்லை, சிறியதே போதும்" என்று சொல்லலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் நாள் வெயில். ஆனால் இண்டிகேட்டர் போட வேண்டிய இடத்தில் எல்லாம் வைப்பர் ஓடியது. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், கூர் வரும்வரை 11 முறை. ஊர்சுற்றி ஐயா சொன்ன "வலது, வலது" மனைவி வாயிலிருந்து வந்தது 11க்கு மேல் இருக்கும். இரண்டாம் நாள் மதியத்துக்குப் பிறகு கை பழகிவிட்டது.

யூலியர் நான் நினைத்த மாதிரி பயங்கரமாக இல்லை. நல்ல அகலமான சாலை, வளைவுகள் நிதானமாக வருகின்றன. மார்மொரேரா ஏரியில் தண்ணீர் குறைவாக, கரை முழுக்கச் சாம்பல் நிற மண் தெரிந்தது. அடியில் ஓர் ஊர் இருக்கிறது என்று சொன்னதும் அம்மா காரை நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ரோமர் தூண் பக்கத்தில் இரண்டடிப் பனி. மகளுக்கு அது போதும். எங்களைத் தவிர அங்கே இருந்தது ஒரு டச்சுக் குடும்பமும் காற்றும்தான்.

மலோயா வேடிக்கையான கணவாய். எங்கடீன் பக்கமிருந்து போனால் ஏற்றமே கிடையாது. சில்வாபிளானா, சில்ஸ் என்று ஏரி ஏரியாகச் சமதளத்தில் போய்க்கொண்டே இருக்கிறோம், கணவாய் எங்கே என்று அப்பா கேட்கிறார், திடீரென்று தரை முடிந்துவிடுகிறது. கீழே வளைவு வளைவாக இத்தாலிப் பக்கம் விழுகிறது. நம் மலையில் பாதி உயரம் ஏறிய பிறகுதான் பள்ளம் தெரியும். இங்கே ஏறாமலேயே பள்ளம்.

சோலியோவில்தான் நாடகம். ப்ரோமொன்டோனியோவிலிருந்து மேலே போகும் சாலை ஒரு வண்டி அகலம், எங்கள் அகல வண்டிக்கு அதுவும் குறைவு. ஊரைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். காட்டுக்குள் ஒரு வளைவு. மூன்று சுரம் கேட்டது. பேர்ண் அண்ணன் சொன்னது நினைவுக்கு வருவதற்குள் மஞ்சள் முகம் முன்னால் வந்து நின்றுவிட்டது. நான் இறங்குகிறவன், அது ஏறுகிறது, போதாததற்கு அது போஸ்ட் பஸ். டிரைவர் கோபப்படவில்லை. இரண்டு விரலைப் பின்பக்கம் காட்டினார், அவ்வளவுதான். பின்னால் 40 மீட்டரில் ஓர் ஒதுக்கிடம். இடப்பக்கம் கல்சுவர், வலப்பக்கம் மரங்களுக்கு நடுவே பள்ளத்தாக்கு.

ரிவர்ஸ் கேமரா இருந்தது. ஆனால் அதற்குள் அப்பா இறங்கிவிட்டார். பேருந்து நிலையத்தில் நடத்துனர் நிற்கிற மாதிரி பின்னால் நின்று, வண்டியைத் தட்டித் தட்டி, "வா... வா... வா... லெஃப்ட் ஒடி... நேராக்கு... வா..." என்று ஆரம்பித்தார். அந்தக் காட்டில் தமிழில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஒதுங்கியதும் பஸ் பக்கவாட்டில் ஊர்ந்து வந்தது, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண் இடைவெளி. டிரைவர் ஜன்னலைத் திறந்து எனக்குத் தலையசைக்கவில்லை, அப்பாவுக்குக் கட்டைவிரல் காட்டினார். அன்றிலிருந்து அப்பா இதைச் சொல்லாத ஆள் இல்லை.

பெர்னினா. ஊர்சுற்றி ஐயா, மன்னிக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்தேன், தலையாட்டினேன், மறந்தேன். மேலே லாகோ பியாங்கோ பாதி உறைந்து கிடந்தது, ஓரத்தில் நீலமும் நடுவே வெள்ளையும். அந்த மயக்கத்தில் "டி"யிலேயே இறங்கத் தொடங்கிவிட்டேன். 2,328 மீட்டரிலிருந்து போஸ்கியாவோவின் 1,014 மீட்டர் வரை இடைவிடாத இறக்கம். பாதியில் அம்மாதான் முதலில் கேட்டார்: "என்னடா, துணி கருகுற வாசம் வருது?" ஒதுக்கிடத்தில் நிறுத்தினேன். முன் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அடுப்பு மாதிரி அனல். அரை மணி நேரம் நின்றோம். தண்ணீர் ஊற்றலாமா என்று மனைவி கேட்டாள், ஊற்றவில்லை. சூட்டில் தண்ணீர் பட்டால் பிரேக் தட்டு கோணிப்போகலாம் என்ற அளவுக்காவது புத்தி இருந்தது. மிச்ச இறக்கத்தை மேனுவலில் 2இல் இறங்கினேன். பிரேக்கை எண்ணி எண்ணித்தான் தொட்டேன். நீங்கள் சொன்னது சரி. வால்பாறையில் இறங்கியது நான் இல்லை, என் வண்டியின் இரண்டாவது கியர்.

போஸ்கியாவோவில் மதியம் பிட்சோக்கரி என்று ஒன்று சாப்பிட்டோம். பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையான பாஸ்தா, உருளைக்கிழங்கும் கீரையும் சீஸும் சேர்த்து. அம்மாவுக்குப் பிடித்த ஒரே வெளிநாட்டுச் சாப்பாடு. இடைக்காலம் என்று அண்ணன் எச்சரித்தது முழு உண்மை. சமேடன் பக்கம் நாங்கள் போய் நின்ற மூன்று உணவகத்திலும் "ஜூனில் சந்திப்போம்" என்கிற மாதிரி அட்டை தொங்கியது. சமையலறை இருந்ததால் பிழைத்தோம், தினமும் தயிர் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும்.

சாப்பிட்டு முடித்து, ஏரிக்கரையில் லே பிரேசே என்ற ஊருக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன கார் ஓரம் கட்டியது. எதற்கு என்று பார்த்தால் சாலையிலேயே, டிராம் மாதிரி, எதிரே சிவப்பு ரயில் வருகிறது. தண்டவாளம் தெருவோடு தெருவாகப் பதிந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. மகள் ஜன்னல் பக்கம் தாவினாள். எங்கள் காரை உரசுகிற மாதிரி பெட்டி பெட்டியாகப் போனது, உள்ளே இருந்தவர்கள் அவளுக்குக் கையசைத்தார்கள். ரயில்பூச்சி, அந்த ஐந்து நாளில் அவள் வரைந்த ஒரே படம் அது. படத்தில் எங்கள் கார் இல்லை.

குவார்டா, ஃபெராய்னா இரண்டும் நன்றாக இருந்தன. குகைக்குள் இருட்டில், ரயில் மேல் கார், காருக்குள் நாங்கள். அம்மா 18 நிமிடமும் கந்த சஷ்டி கவசம் சொன்னார், சரியாக முடிந்தபோது வெளிச்சம் வந்தது. சூரிச்சில் வண்டியைக் கொடுக்கும்போது பையன் நான்கு ரிம்மையும் குனிந்து பார்த்தான். தேனீ அக்கா, நானும் கூடவே குனிந்து படம் எடுத்தேன். ஒன்றும் இல்லை. டெபாசிட் ஒன்பதாம் நாள் விடுவிக்கப்பட்டது.

மிச்ச நாள் லாட்டர்புருன்னனில் ரயில். அதைப் பற்றி எழுத எதுவுமில்லை, எல்லாம் நேரத்துக்கு வந்தது.

---

ரயில்பூச்சி | ஜூன் 7, மாலை 6.02

கடைசி வரிக்கு நன்றி. அந்தப் படத்தை இங்கே போடுங்கள்.

---

ஊர்சுற்றி | ஜூன் 7, இரவு 8.45

மன்னிப்பெல்லாம் எதற்கு. வாசனை பிடித்தாரே அம்மா, அவருக்கு என் வணக்கம். தண்ணீர் ஊற்றாதது நல்லது. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினீர்களா? பின்சக்கரமும் சுட்டிருந்தால் அதையும் போடாமல் "பி"யில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது.

---

பேர்ண் பெடியன் | ஜூன் 8, அதிகாலை 1.15

அப்பாவுக்கு போஸ்ட் பஸ் கம்பனியில் வேலை எடுத்துக் கொடுக்கலாம் போல. தம்பி, சந்தோஷம். கிரிம்சல் இன்னும் சில நாளில் திறந்துவிடும், ஞாபகத்துக்குச் சொன்னேன், வேறொன்றுமில்லை.

---

நீலமலைத்தேனீ | ஜூன் 8, காலை 9.30

ரிம் தப்பியது சரி. வேகம்?

---

காந்திபுரம்காரன் | ஜூன் 8, காலை 10.10

அதை எழுத மாட்டேன் என்று நினைத்தேன். யூலியருக்கு முன்னால் ஓர் ஊருக்குள் ஏதோ பளிச்சென்றது. வெயில் கண்ணாடியில் பட்டிருக்கும் என்று நான் சொன்னேன். அப்போது மேகம் போட்டிருந்தது என்று மனைவி சொல்கிறாள்.

மூன்று மாதம் என்றால் ஆகஸ்ட். இப்போதே கூரியர்காரர் வாசலில் மணி அடித்தால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.